நம்புதகவின் வரலாறு: தலைகீழ் நிகழ்தகவு ஈர்ப்பலை ஆய்வுக்கு வந்து சேர்ந்த வழி

2015ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 14ஆந் திகதி, இலங்கை நேரம் பிற்பகல் 3 மணி 20 நிமிடம் கடந்த வேளையில், ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்ரன் என்னுமிடத்தில் நிறுவப்பட்டிருந்த கருவி ஒரு துடிப்பைப் பதிவுசெய்தது. ஒரு செக்கனை ஆயிரங் கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ ஏழு கூறு கழிந்ததும், மூவாயிரம் கிலோமீற்றர் அப்பாலுள்ள ஹான்போர்ட் கருவியும் அதே வடிவான துடிப்பைப் பதிந்தது. அத்துடிப்பு நீடித்தது ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கே. நான்கு கிலோமீற்றர் நீளமான கருவிப் புயத்தில் அது விளைத்த மாற்றம் புரோத்தன் ஒன்றின் விட்டத்திற் சில நூற்றிலொரு பங்கினும் மிகாதது. இச்சிறு நடுக்கத்திலிருந்து ஆய்வாளர் 2016 பெப்ரவரி 11இல் உலகுக்கு அறிவித்த செய்தியோ பெரிது. சூரியனைப்போல் 36 மடங்கு திணிவுள்ள கருந்துளை ஒன்றும் 29 மடங்கு திணிவுள்ள கருந்துளை ஒன்றும் ஒன்றையொன்று சுற்றி இணைந்தன. 62 மடங்கு திணிவுள்ள ஒரு கருந்துளை எஞ்சியது. மூன்று சூரியத் திணிவு ஈர்ப்பலைச் சத்தியாய் வெளியேறியது. இது நிகழ்ந்தது ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில்.

இந்நிகழ்ச்சியை எடுத்துரைப்போர் பெரும்பாலும் ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கையோடு தொடங்கி, லேசர்க் கருவிகளின் நுட்பத்தோடு முடிப்பர். இடையில் நிற்கும் வினா ஒன்று அவர்தம் நோக்கிற் படுவதில்லை. நடுக்கத்தைக் கருவி தந்தது; 36, 29 என்னும் எண்களை யார் தந்தனர்? அவ்வெண்கள் வெறுமனே நின்றனவுமல்ல. 36 என்பது 32க்கும் 41க்கும் இடைப்பட்டது என்றும், 29 என்பது 25க்கும் 33க்கும் இடைப்பட்டது என்றும், அவ்வாறு நம்புதற்கான தகவு 90 வீதம் என்றும் வரம்பு கட்டியே வெளியிடப்பட்டன. இவ்வாறு வரம்பு கட்டி நம்பும் முறை இருநூற்றைம்பது ஆண்டுப் பழைமையுடையது. அது நடுவில் நூறாண்டுக்குமேற் பழிப்புக்கு ஆளாகி, நிலநடுக்க ஆய்வின் வழியாக மீண்டு, இந்தியப் புள்ளிவிபரவியலாரின் கைபட்டு, இறுதியில் வானியலுக்கு வந்து சேர்ந்தது. அவ்வரலாற்றை நம் கரையோர வாசகருக்கு இயன்றவரை தெளிவாய்க் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காரணம் தெரிந்தவிடத்துக் காரியத்தைக் கணித்தல் எளிது. பகடை ஒழுங்கானது எனத் தெரிந்தால் ஆறு விழுதற்கான நிகழ்தகவு ஆறிலொன்று எனச் சொல்லிவிடலாம். விழுந்த எண்களைக் கண்டு பகடை ஒழுங்கானதா எனத் தீர்மானிப்பதே கடினம். முன்னையது காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வது. பின்னையது காரியத்திலிருந்து காரணத்துக்குத் திரும்புவது. இதனாலேயே பழைய நூலார் பின்னையதைத் தலைகீழ் நிகழ்தகவு என வழங்கினர்.

நம் ஊர்களில் இதற்கோர் எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருபத்தொன்பதாம் நாள் மாலையில், கடலுக்குப் புறங்காட்டி, மேற்கே வயல்வெளிக்கு மேல் வானத்தை நோக்கி நின்று பிறை தேடும் வழக்கம் கல்முனைக் கரை முழுவதும் உண்டு. ஒருவர் வந்து, கண்டேன் என்கிறார். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. அதனுள் இக்கட்டுரை புகாது. சாட்சியத்தின் நிறையை மட்டும் எண்ணாற் பார்ப்போம். பிறை உண்மையில் இருக்குங்கால் அவர் கண்டேன் எனக் கூறும் வாய்ப்பு பத்தில் ஒன்பது என்றும், இல்லாதபோது மேகக் கீற்றைக் கண்டு மயங்கி அவ்வாறே கூறும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றும் வைத்துக்கொள்வோம். அன்று பிறை தெரிதலும் தெரியாமையும் சமம் என முன்னரே எண்ணியிருந்தால், அவர் சொல்லுக்குப் பின் நம் நம்பிக்கை பத்தில் ஒன்பதாகும். ஆயின் அன்று பிறை தெரிதல் நூற்றில் ஒரு வாய்ப்பே என வானியற் கணக்குக் கூறியிருந்தால், அதே மனிதரின் அதே சொல் நம்பிக்கையைப் பன்னிரண்டில் ஒன்றாக மட்டுமே உயர்த்தும். சாட்சி மாறவில்லை, சாட்சியைக் கேட்குமுன் நாம் நின்ற இடமே மாறியது. இரண்டாமவர் ஒருவர், முதலாமவரோடு பேசாது வேறோரிடத்தில் நின்று கண்டு வந்து கூறினால், அப்பன்னிரண்டில் ஒன்று நூற்றுக்கு நாற்பத்தைந்தாக எழும். முதலாமவர் விரல் நீட்டிக் காட்டிய பின்னரே அவர் கண்டார் எனின், எண் அசையாது. இந்த இறுதிக் குறிப்பை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். மூவாயிரம் கிலோமீற்றர் இடைவெளியில் இரு கருவிகளை நிறுவியதன் காரணம் இதுவே.

சாட்சிக்கு முந்திய நம்பிக்கை, சாட்சியின் நிறை, சாட்சிக்குப் பிந்திய நம்பிக்கை என இங்கு மூன்று உள. முதலிரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வரும். பேய்ஸ் தேற்றம் எனப்படுவதன் உட்பொருள் இவ்வளவே. கலைச்சொல் பற்றி ஈண்டு ஒன்று கூறுதல் தகும். நிகழ்தகவு என்பது நல்ல சொல்லாக்கமே. ஆயினும் அது நிகழப்போவதற்குத்தான் பொருந்தும். 130 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதிய கருந்துளையின் திணிவு என்றோ முடிந்துபோன ஒன்று. அதில் நிகழ்வதற்கு இனி எதுவுமில்லை. ஐயம் இருப்பது அதனிடத்தன்று, நம்மிடத்தே. எனவே இத்தகைய இடங்களில் நம்புதகவு என்னும் சொல்லை இக்கட்டுரை ஆளுகின்றது. ஒரே ஆங்கிலச் சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நின்றமையே ஐரோப்பியருக்கு நூறாண்டுச் சண்டையை விளைத்தது என்று கூறினும் பெரும்பிழை ஆகாது.

தோமஸ் பேய்ஸ் இங்கிலாந்திலே ரன்பிறிஜ் வெல்ஸ் என்னும் ஊரிற் சமயப் போதகராயிருந்தவர். 1761இல் அவர் மறைந்தபின், அவர்தம் தாள்களிடையே கிடந்த கட்டுரையை நண்பர் றிச்சட் பிறைஸ் எடுத்துச் செப்பனிட்டு அரச கழகத்துக்கு அனுப்ப, அது 1763இல் அங்கு வாசிக்கப்பட்டது. மேசையொன்றின்மீது உருட்டிய பந்து எங்கே நின்றது என்பதை அறியாதவன், அதன்பின் உருட்டிய பந்துகள் அதற்கு இடப்புறமோ வலப்புறமோ நின்றன என்னும் செய்தியை மட்டும் கொண்டு முதற்பந்தின் இடத்தை எவ்வாறு மதிப்பிடலாம் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. ஒரு துறையைத் தொடக்கிவைத்த மனிதருக்கு அத்துறை தொடங்கியதே தெரியாது.

பிரான்சிய அறிஞர் லாப்லாஸ் 1774இல் தாமாகவே இம்முறையைக் கண்டு, அடுத்த நாற்பதாண்டுகளில் அதை வானியலுக்குரிய கருவியாக்கினார். சனிக்கோளின் திணிவு சூரியத் திணிவில் 3512இல் ஒரு பங்கு என்றும், இம்மதிப்பிலுள்ள வழு நூற்றிலொரு பங்குக்குக் குறைவு என்பதற்கு 11,000க்கு ஒன்று பந்தயம் வைக்கலாம் என்றும் அவர் எழுதினார். இன்றைய மதிப்பு 3498இல் ஒரு பங்கு ஆகும். வேறுபாடு நூற்றிலொன்றினும் குறைவாகவே உள்ளது. லாப்லாஸ் பந்தயத்தில் வென்றார் எனலாம். விடையை மட்டுமன்றி, விடையை எவ்வளவு நம்பலாம் என்பதையும் எண்ணாற் கூறுதல் என்னும் மரபு இங்கிருந்தே வானியலுக்குள் வருகின்றது. கருந்துளைக்குக் கூறப்பட்ட 32, 41 என்னும் வரம்புகள் சனிக்கோளுக்குக் கூறப்பட்ட அப்பந்தயத்தின் வழித்தோன்றல்களே.

பின்வந்தோர் இம்முறையை வெறுத்தனர். சாட்சிக்கு முந்திய நம்பிக்கை எங்கிருந்து வருகின்றது என்பதே அவர்தம் வினா. ஆளுக்கு ஆள் அது மாறுமெனில் அறிவியலில் அதற்கு இடம் ஏது என்றனர். இருபதாம் நூற்றாண்டிலே இவ்வெதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் றொனால்ட் பிஷர். அவர் 1919 முதல் றொதம்ஸ்ரெட் பயிராய்வு நிலையத்திற் பணிபுரிந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, எருவிட்டும் இடாமலும், ஆண்டுதோறும் சோதனையைத் திரும்பச் செய்யலாம். திரும்பத் திரும்பச் செய்தால் எத்தனை முறை பிழைக்கும் என்று கணிப்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. அவரை எதிர்த்து நின்ற ஹரோல்ட் ஜெப்ரீஸோ கேம்பிறிஜிலே நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். நிலநடுக்கத்தைத் திரும்பச் செய்து பார்க்க இயலாது. நிலையங்கள் சிலவற்றிற் பதிந்த அலைகளைக் கொண்டு, ஒருமுறையே நிகழ்ந்த ஒன்றன் இடத்தையும் நேரத்தையும் உய்த்தறிய வேண்டும். 1930களின் முற்பகுதியில் இவ்விருவரும் அரச கழகத்தின் ஏடுகளிற் பொருதனர். 1939இல் ஜெப்ரீஸ் வெளியிட்ட நிகழ்தகவுக் கொள்கை நூல் தலைகீழ் முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு அவரும் புல்லனும் வெளியிட்ட நிலநடுக்க அலைப் பயண அட்டவணைகள் பல பதிற்றாண்டுகளாக உலகெங்கும் வழக்கில் இருந்தன. செய்யும் தொழிலே கொள்கையைத் தீர்மானித்தது என்பது என் கருத்து. வயலாய்வாளன் பிஷராவதும் நடுக்கவாய்வாளன் ஜெப்ரீஸாவதும் இயல்பே.

ஜெப்ரீஸைப் பற்றிய ஒரு முரண் சுவையானது. சான்றுக்கேற்ப நம்பிக்கையைத் திருத்த வேண்டும் என்று நூல் எழுதிய அவர், கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கையை 1989இல் இறக்கும்வரை ஏற்கவில்லை. முந்திய நம்பிக்கை அளவுக்கு மிஞ்சி வலுத்திருந்தால் எத்தனை சான்று வரினும் அது அசையாது என்பதற்கு அவரே எடுத்துக்காட்டாகிவிட்டார்.

அவர் ஏற்க மறுத்த அந்நிலத்தட்டு நகர்வுதான் 2004 திசெம்பர் 26ஆந் திகதி காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியை உடைத்தது. அப்போதைய இலங்கை நேரம் 6 மணி 58 நிமிடம். பசுபிக் எச்சரிக்கை நிலையம் கால்மணி நேரத்தின் பின் வெளியிட்ட முதல் அறிவித்தலில் நடுக்கத்தின் அளவு 8.0 என இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுப் பின்னர் அது 8.5 எனத் திருத்தப்பட்டது. உண்மை அளவு 9.1 அல்லது அதற்கு மேல் எனப் பின்னரே தெளிந்தது. 8.0க்கும் 9.1க்கும் இடையிலுள்ள சத்தி வேறுபாடு நாற்பது மடங்குக்கும் மேலாகும். திருத்தங்கள் ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தபோதே அலையும் வந்துகொண்டிருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அது பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்க் கரைகளில் ஏறிவிட்டது. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே ஏற்பட்டது. அது பத்தாயிரத்தைத் தாண்டியது. இந்துமாகடலுக்கென எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் அன்று இருக்கவில்லை. கணித்தவற்றைக் கரைக்குச் சொல்லும் வழியும் இருக்கவில்லை. பெருங்கடற்கோள் இக்கரைக்கு வரும் என்னும் முந்திய நம்பிக்கை எவரிடத்தும் இல்லாதிருந்தமையால், கடல் உள்வாங்கியதைக் கண்முன்னே கண்டவரும் அதைச் சாட்சியாய்க் கொள்ளவில்லை.

2012 ஏப்பிரல் 11இல் மீண்டும் சுமாத்திராவுக்கப்பால் 8.6 அளவான நடுக்கம் உண்டாயிற்று. இம்முறை எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் உள்நாடு நோக்கி ஓடினர், பேரலை வரவில்லை. தட்டுகள் மேலுங் கீழுமாகவன்றிப் பக்கவாட்டில் உராய்ந்தமையே காரணம். எச்சரிக்கை பொய்த்தது எனச் சிலர் நொந்தனர். ஆயினும் நம்புதகவு சிறிதாயிருந்தும் இழப்புப் பெரிதாயின் எச்சரிக்கை விடுத்தலே சரியான தீர்மானம் என்பது இக்கணிதத்தின் நேரடி விளைவாகும். வாராத அலைக்கு ஓடிய ஒரு மாலையையும், வந்த அலைக்கு ஓடாத ஒரு காலையையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க முடியுமா?

இனி இந்தியாவுக்கு வருவோம். 1931இல் கல்கத்தாவிலே மகலனோபிஸ் இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1936இல் அவர் வரையறுத்த தூரம் எல்லாப் பாடநூல்களிலும் உளது. அளவுகளின் வேறுபாட்டை அப்படியே கூட்டாது, எவ்வளவு தடுமாறும் அளவு என்று பார்த்து, தடுமாற்றம் மிக்கதற்குக் குறைந்த நிறையும் தடுமாற்றம் குறைந்ததற்குக் கூடிய நிறையும் தருவது அதன் நுட்பம். மனிதவின அளவைகளை ஒப்பிடுவதற்காக அவர் இதை உருவாக்கினார். ஈர்ப்பலைத் தரவையும் கணித்த அலைவடிவத்தையும் ஒப்பிடுகையில், கருவி இரைச்சல் மிகுந்த மீடிறன்களுக்குக் குறைந்த நிறை தருகின்றனர். அதன் கணித உருவமும் இதுவே. அந்நிறுவனத்திற் பணியாற்றிய சி. ஆர். ராவ், 1945இல், இருபத்தைந்து வயதளவில், எம்முறையைக் கையாண்டாலும் ஒரு மதிப்பீட்டின் வழு இன்ன எல்லைக்குக் கீழே குறைய முடியாது என நிறுவினார். சுவீடனின் கிறாமரும் தனித்து இதனைக் கண்டமையால் இருவர் பெயரும் சேர்த்து வழங்கப்படுகின்றது. கருவிகள் கட்டப்படுவதற்குப் பல்லாண்டு முன்னரே, இத்தகைய அலை வந்தால் திணிவை எவ்வளவு நுட்பமாய் அறியலாம், தொலைவை எவ்வளவு அறியலாம் என ஈர்ப்பலை ஆய்வாளர் கணித்து வைத்தது ராவின் எல்லையைக் கொண்டே. ராவ் 2023இல் 102ஆம் வயதில் மறைந்தார். தம் எல்லை கருந்துளைக்குப் பயன்பட்டதை அவர் காண முடிந்தது.

ஈர்ப்பலையைத் தேடும் முயற்சியிலே புள்ளிவிபரவியலைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதை ஜோசப் வெபரின் கதை காட்டும். அவர் பெரிய அலுமினிய உருளைகளை மேரிலாந்திலும் சிக்காகோவுக்கு அண்மையிலும் நிறுத்தி, இரண்டும் ஒருங்கே அதிர்வதைக் கண்டதாக 1969இல் அறிவித்தார். உலகமெங்கும் பலர் அதேபோன்ற உருளைகளைக் கட்டினர். எவருக்கும் எதுவும் கிட்டவில்லை. மற்றொரு குழுவினரின் தரவோடு தம் தரவு ஒத்திருப்பதாகவும் வெபர் கூறினார். இரு பதிவுகளும் வெவ்வேறு நேரக் கணக்கில் எழுதப்பட்டிருந்தமையால், அவர் ஒப்பிட்டவை உண்மையில் நான்கு மணித்தியால இடைவெளி உடையவை என்பது 1974 அளவில் வெளியாயிற்று. இரைச்சலில் தேடுபவன் தேடும் வரம்பை முன்னரே கட்டிக்கொள்ளாவிடின் வேண்டியதை எங்கும் காண்பான். வெபர் கடின உழைப்பாளி. துறைக்கே தந்தை எனத் தகுபவர். இருப்பினும் அவருக்குப்பின் வந்தோர் கருவிக்குச் செலவிட்ட கவனத்துக்குக் குறையாத கவனத்தைக் கணிப்புக்கும் செலவிட்டது அவர் தோல்வியிற் கற்ற பாடத்தாலேயே.

இரைச்சலுக்குள் மெல்லிய குரலைக் காண்பதற்கு அக்குரலின் வடிவத்தை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். மட்டக்களப்பு வாவியிலே துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஊன்றி மறுநுனியிற் காது வைத்துப் பாடும் மீனைக் கேட்போர், முன்னர் கேட்டறிந்தவராயின் காற்றோசைக்கிடையிலும் அதைப் பிரித்தறிவர். கருந்துளைகள் எவ்வோசை எழுப்பும் என்பதை அறிவதில் நம்மவர் பங்கு சிறிதன்று. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983இல் வெளியிட்ட கருந்துளைக் கணித நூல் இன்றும் அடிப்படை நூலாகும். பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விசுவேசுவரா 1970இல், தட்டிய மணி ஒலித்து அடங்குவதுபோலக் கலக்கமுற்ற கருந்துளையும் குறித்த மீடிறனில் அதிர்ந்து அடங்கும் எனக் காட்டினார். புனேயிலே 1988இல் தோன்றிய பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வானியல் மையத்தில் சஞ்சீவ் துரந்தரும் அவரோடு பணிபுரிந்த பி. எஸ். சத்தியப்பிரகாசும் 1991இல் எழுதிய கட்டுரை, அலைவடிவ மாதிரிகளை எவ்வளவு நெருக்கமாய் நிரைப்படுத்தினால் எந்த உண்மை அலையும் இடையே நழுவாது என்னும் வினாவுக்கு விடை தந்தது. மாதிரிகள் கூடினால் கணனிக்குச் சுமை. குறைந்தால் அலை தப்பும். வலைக்கண்ணின் அளவைத் தீர்மானிக்கும் மீனவனுக்கு இது புதிதன்று.

அலை வந்ததா என்பது ஒரு வினா. வந்த அலை எதன் அலை என்பது வேறொரு வினா. இரண்டாவதற்குத் தலைகீழ் முறையே வேண்டும் என்பதை 1992இல் லீ சாமுவேல் பின் தெளிவாக எழுதினார். 1994இல் கற்லரும் பிளனகனும் அதை விரித்தனர். ஆனால் கணக்கோ மலையளவு. இரு கருந்துளைகளின் இணைவை விவரிக்கப் பதினைந்து பரமானங்கள் தேவை: திணிவு இரண்டு, சுழற்சியின் கூறுகள் ஆறு, தொலைவு ஒன்று, வானத்தில் இடங்குறிக்க இரண்டு, சுற்றுத்தளத்தின் சாய்வு, முனைவாக்கக் கோணம், இணைந்த நேரம், அவ்வேளையின் அவத்தை. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்புகளையே சோதித்தாலும் பத்துக் கோடி கோடி, அஃதாவது ஒன்றின்பின் பதினைந்து பூச்சியம் இட்ட எண்ணிக்கையான கணிப்புகள் வேண்டும். செக்கனுக்கு ஆயிரம் வீதம் செய்தாலும் முப்பதினாயிரம் ஆண்டுக்கு மேலாகும்.

இதிலிருந்து தப்பும் வழி, வேறெதற்கோ, 1953இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திலே மெற்றோபொலிசும் துணைவரும் கண்டது. களப்பின் ஆழத்தை முழுவதும் அளக்க இயலாத தோணிக்காரன் ஒருவனை எண்ணுவோம். நிற்குமிடத்திற் கோலை ஊன்றி ஆழம் பார்க்கிறான். எழுந்தமானமாய் ஒரு திசையிற் சற்று நகர்ந்து மீண்டும் ஊன்றுகிறான். ஆழம் கூடினால் அங்கே தங்குகிறான். குறைந்தால், அக்குறைவின் அளவுக்கேற்பச் சில வேளை தங்கி, சில வேளை பழைய இடத்துக்கு மீள்கிறான். நெடுநேரம் இவ்வாறு திரிந்தால், அவன் தங்கிய இடங்களின் நெருக்கமே களப்பின் ஆழப்படமாய் அமைந்துவிடும். களப்பு என்றது பதினைந்து பரிமாண வெளியை. ஆழம் என்றது நம்புதகவை. இம்முறையை ஈர்ப்பலைக்கு முதலிற் கொண்டுவந்தோர் கிறிஸ்ரென்சனும் மேயரும், ஆண்டு 1998. 2004இல் ஸ்கில்லிங் என்பார் கண்ட உட்கூட்டு மாதிரியெடுப்பு முறை, ஒரு கருதுகோளையும் மற்றொன்றையும் ஒப்பிடும் எண்ணையும் சேர்த்தே தந்தது. இவற்றை உள்ளடக்கிய லால்இன்பெரன்ஸ் என்னும் மென்பொருள் பற்றிய கட்டுரை 2015இல் வெளிவந்தது. அலையும் அவ்வாண்டே வந்தது. 2019இல் பில்பி என்னும் மென்பொருள் அதன் இடத்தை எடுக்கத் தொடங்கிற்று.

முதல் அலையை அறிவித்தபோது இரு பள்ளிகளும் ஒரே வீட்டிற் குடியிருந்தன என்பது வரலாற்றாசிரியன் கவனிக்கத்தக்கது. அலை மெய்யா என்னும் வினாவுக்குப் பிஷர் வழியில் விடை கூறப்பட்டது. இரு கருவிகளின் பதிவுகளையும் நேரம் மாற்றி மாற்றிப் பொருத்தி, இரைச்சல் மட்டும் இத்தகைய ஒப்புமையைத் தருவது 203,000 ஆண்டுக்கு ஒருமுறையினும் அரிது எனக் கணித்தனர். வெபரை வீழ்த்திய நேரப்பிழையை இப்போது வேண்டுமென்றே செய்து இரைச்சலை அளக்கின்றனர்! அலை எதனது என்னும் வினாவுக்கு ஜெப்ரீஸ் வழியில் விடை கூறப்பட்டது. தொலைவு 410 மெகாபார்செக் என்றாலும், 230க்கும் 570க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்றனர். அண்மையிலிருந்து பக்கவாட்டில் நோக்கும் சுற்றும், சேய்மையிலிருந்து நேர்முகமாய் நோக்கும் சுற்றும் ஏறத்தாழ ஒரே வீச்சத்தைத் தருதலே காரணம். வானத்திலே இடமோ ஏறத்தாழ 600 சதுர பாகை. முழுநிலாக்கள் மூவாயிரம் கொள்ளும் பரப்பு. சென்னைக் கணித நிறுவனத்தைச் சேர்ந்தோரும் அக்கட்டுரையின் ஆசிரியர் நிரலில் இடம்பெற்றுள்ளனர்.

2017 ஓகத்து 17இல் இரு நியூத்திரன் நட்சத்திரங்களின் இணைவு கேட்டது. அமெரிக்கக் கருவிகள் இரண்டிலும் அலை வலுவாயிருக்க, இத்தாலியின் வேர்கோ கருவியில் அது மிக மெலிந்திருந்தது. அம்மெலிவே பெருஞ்சான்றாயிற்று, அலை வந்த திசை வேர்கோவுக்குக் குருடான திசைக்கு அண்மையில் இருத்தல் வேண்டும் என உய்த்து, இடத்தை 28 சதுர பாகைக்குச் சுருக்கினர். தொலைநோக்கிகள் அங்கே நாடி, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 என்னும் நட்சத்திரத் தொகுதியில் புதிய ஒளியைக் கண்டன. கேளாமையும் ஒரு சாட்சி என்பதைப் பாத்தி வயலின் கணிதம் இவ்வளவு எளிதிற் கூறியிராது.

பிஷரின் பழைய வினா மட்டும் தீர்ந்துவிடவில்லை. 2019 மே 21இற் பதிவான அலைக்கு உரிய கருந்துளைகள் 85, 66 சூரியத் திணிவுடையவை என 2020இல் அறிவிக்கப்பட்டது. நட்சத்திரம் இறந்து 85 மடங்குக் கருந்துளை பிறத்தல் கொள்கைப்படி அரிது. 2021இல் நிற்சும் கப்பானோவும், அலைவடிவ மாதிரியையும் முந்திய நம்பிக்கையையும் வேறு வகையாய் அமைத்து அதே தரவை ஆராய்ந்து, ஏறத்தாழ 168, 16 எனவும் கொள்ளலாம் என்றனர். அவ்வாறாயின் அரிது என்ற இடத்தில் இரண்டுமே விழா. ஒரே சாட்சி, இரு தீர்ப்பு. அலை பத்திலொரு செக்கனே நீடித்தமையால் தரவின் நிறை குறைவு. தரவு மெலிந்தவிடத்து முந்திய நம்பிக்கை பேசும். இதனைக் குறையென மறைக்காது, எந்த நம்பிக்கையோடு தொடங்கினோம் என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவைத்தல் இத்துறையின் வழக்காயிருப்பது பாராட்டுக்குரியது. பிற துறையார் பலரும் தொடக்க நம்பிக்கையோடுதான் தொடங்குகின்றனர், எழுதிவைப்பதில்லை.

கருவிகள் கூடினால் இடங்காணல் கூர்மையாகும். அதன்பொருட்டு மகாராட்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்து ஔண்டாவில் நான்கு கிலோமீற்றர்ப் புயமுடைய கருவியொன்றை நிறுவ இந்திய அரசு 2016 பெப்ரவரியிற் கொள்கையளவிலும், 2023 ஏப்பிரலில் 2600 கோடி ரூபா மதிப்பீட்டில் முழுமையாகவும் ஒப்புதல் அளித்துள்ளது. அமெரிக்கக் கருவிகளுக்கு மிகத் தொலைவில் அமைவதால், அலை வந்தடையும் நேர வேறுபாடு பெருகி, திசை பற்றிய ஐயம் குறையும். கடலுக்குத் தொலைவான உள்நிலத்தைத் தெரிந்துகொண்டது இரைச்சலைக் குறைக்கும் பொருட்டே. ஆயினும் கடலலைகள் நிலத்தில் எழுப்பும் மெல்லதிர்வு பல நூறு கிலோமீற்றர் கடந்தும் செல்வது. ஹான்போர்ட்டிலும் லிவிங்ஸ்ரனிலும் பசுபிக், அத்திலாந்திக் அலைகளின் அதிர்வைப் பிரித்து நீக்குவதுபோல, ஔண்டாவில் அமரப்போகும் ஆய்வாளரும் இந்துமாகடலின் அலைகளை நாள்தோறும் அளந்து தம் கணக்கிலிருந்து கழிக்க வேண்டியிருக்கும்.